இரவில் ஐந்தாறு முறை எழும் குழந்தை: அம்மாப்பேட்டைத் தாய்க்கு ஒரு பதில்

பதினான்கு மாதப் பெண் குழந்தை. இரவு பத்தரைக்குத் தூளியில் போட்டு ஆட்டினால்தான் தூங்குகிறாள். விடிவதற்குள் ஐந்தாறு தடவை எழுந்து அழுகிறாள். ஒவ்வொரு தடவையும் ஆட்ட வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் பாட்டில் பால். கணவர் தறிப் பட்டறையிலிருந்து வீடு திரும்ப ஒன்பதரை, பத்து ஆகிவிடுகிறது. நீங்கள் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அத்தை ஜாதிக்காய் உரைத்துக் கொடுக்கலாம் என்கிறார். தோழி ஒரு சிரப்பின் பெயரைச் சொல்கிறார். தனியறையில் அழவிட்டால் மூன்றே நாளில் சரியாகிவிடும் என்று வேறு யாரோ சொன்னார்கள். ஒரு கூடமும் ஒரு சமையற்கட்டும் உள்ள சேலம் அம்மாப்பேட்டை வீட்டில் இதில் எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் இருக்கும் தங்கையின் நான்கு மாதக் குழந்தைக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுமே வேண்டாம் அம்மா. சேலத்திலும் மலை மேலும் குழந்தைகளைப் பார்த்துவரும் மருத்துவராகச் சொல்கிறேன்: உங்கள் மகளின் இரவு சரியாக வேண்டுமானால், நள்ளிரவில் என்ன செய்கிறோம் என்பதைவிட, அவள் முதல்முறை கண் மூடும்போது என்ன செய்கிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

இரவு முழுக்க விழிக்காத குழந்தை என்று ஒன்று கிடையாது. குழந்தையின் தூக்கத்தில் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் மாறி மாறி வரும். பெரியவர்களுக்கு அப்படி ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும்; கைக்குழந்தைக்கு 50, 60 நிமிடம்தான். சுற்று முடியும் இடத்தில் தூக்கம் மெலியும், சில நேரம் முழு விழிப்பும் வரும். அப்போது குழந்தை தன்னைச் சுற்றி எல்லாம் முன்போலவே இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. மாறியிருந்தால் அழும்.

உங்கள் தெருவிலேயே இதைக் கவனித்திருப்பீர்கள். தறி ஓடும் வீட்டில் அத்தனை சத்தத்திலும் பிள்ளைகள் அசையாமல் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். சத்தத்தோடு தூங்கிய குழந்தைக்குச் சத்தம் இல்லாததுதான் இடைஞ்சல். உங்கள் மகளுக்கும் இதேதான் நடக்கிறது. ஆடுகிற தூளியில் கண் மூடியவள், நின்றுபோன தூளியில் கண் திறக்கிறாள். ஆட்டம் எங்கே என்று கேட்டுத்தான் அழுகிறாள். பிடிவாதமும் இல்லை, நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதும் இல்லை.

ஆகவே அவள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே: அசையாத படுக்கையில், நீங்கள் பக்கத்தில் இருக்க, தானாகக் கண் மூடுவது. படுக்கும் நேரத்தில் இது கைவந்துவிட்டால் நள்ளிரவு விழிப்புகளில் பெரும்பாலானவை தானாகவே அடங்கிவிடும். ஒன்றிரண்டு மிஞ்சும். அது எல்லா வீட்டிலும் உண்டு.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். 1, 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பத்தரைக்குப் படுத்து, ஐந்தாறு முறை எழுந்து, காலையில் உங்கள் கிளம்பும் பரபரப்பில் எழுப்பப்படும் குழந்தைக்கு இது கிடைக்கவே கிடைக்காது. தூக்கம் குறைந்த குழந்தை அசந்து தூங்கும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. தூக்கம் தப்பிய குழந்தை கண்ணைக் கசக்கும், சிணுங்கும், பிறகு திடீரென்று ஒரு முறுக்கு ஏறி வீடு முழுக்க ஓடும். ஒன்பதரை மணிக்கு நீங்கள் பார்க்கும் அந்த உற்சாகம் பல நாளில் களைப்புதான்.

தாமதமாகப் படுப்பது நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. இந்தியா உட்பட 17 நாடுகளின் குழந்தைகளை வைத்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக ஏழரைக்குப் படுத்தார்கள், ஹாங்காங் குழந்தைகள் பத்தேகாலுக்கு. ஆசிய நாடுகளில் பொதுவாகவே நேரம் தள்ளிப்போகிறது. உங்கள் வீட்டில் அது தள்ளிப்போவதற்கான காரணமும் எனக்குப் புரிகிறது. அப்பா வரும்போது பிள்ளை விழித்திருக்க வேண்டும் என்ற ஆசை. பன்னிரண்டு மணி நேரம் தறியில் நின்றுவிட்டு வரும் மனிதருக்கு மகள் முகம் பார்க்க உரிமை இல்லையா? இருக்கிறது. அந்த நேரத்தைக் காலைக்கு மாற்றச் சொல்கிறேன், அவ்வளவுதான். காலை ஆறரைக்கு அவளை எழுப்புவது, முகம் கழுவி விடுவது, தோளில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போவது, இட்லி ஊட்டுவது எல்லாம் அவர் பொறுப்பாக இருக்கட்டும். தூங்கி எழுந்த பிள்ளை இரவு பத்து மணிப் பிள்ளையைவிட நன்றாகச் சிரிக்கும். அந்த அரை மணி நேரம் நீங்கள் கூடுதலாகப் படுத்திருக்கலாம். காலை வெயில் படுவதும் முக்கியம். உடம்புக்குள் இருக்கும் பகல் இரவுக் கணக்கை அந்த வெளிச்சம்தான் சரிப்படுத்துகிறது.

எழும் நேரத்தைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். இரவு எப்படிப் போயிருந்தாலும் ஆறரைக்கு எழுப்பிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். பகல் தூக்கம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போதும். காலையிலும் கண் சொருகினால் கொஞ்ச நேரம் தூங்கட்டும். ஆனால் மாலை நான்கு மணிக்குமேல் வேண்டாம். பகலில் அத்தைதான் பார்த்துக்கொள்கிறார் என்பதால் இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஐந்து மணிக்குத் தூங்கவிட்டால் அவருக்கு வேலை முடியும், உங்களுக்கு இரவு போய்விடும். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக எட்டரைக்குக் கொண்டுவராதீர்கள். தூக்கம் வராமல் அவள் அழ, நீங்களும் சோர்ந்துபோவீர்கள். இப்போது பத்தரை என்றால் அங்கிருந்தே தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். மூன்று நான்கு வாரத்தில் எட்டரைக்கு வந்துவிடும்.

படுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் தினமும் ஒரே மாதிரி, ஒரே வரிசையில் நடக்க வேண்டும். சாதம், வெதுவெதுப்பான தண்ணீரில் மேல் கழுவுதல், பல் துடைத்தல், பருத்தி உடுப்பு, விளக்கைக் குறைத்தல், பாட்டி ஒரு தாலாட்டு, படுக்கை. இந்த வரிசை பழகிவிட்டால் மேலுக்குத் தண்ணீர் பட்டதுமே குழந்தையின் உடம்பு அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ளும். டிவியும் செல்போனும் அந்த நேரத்தில் கூடத்தில் ஓடக் கூடாது. 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் மேலே சொன்ன வழிகாட்டுதலின் கருத்து. வீட்டில் சீரியல் ஓடும் நேரம் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஒரே கூடம் உள்ள வீட்டில் இதைச் சாதிப்பது லேசு இல்லை. அத்தை ஒரு மாதத்துக்கு அதை விட்டுக்கொடுத்தால் பேத்திக்கு அவர் செய்யும் பெரிய உதவி அது.

இனி தூளி. தூளியை நான் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள். ஆனால் நிற்கவும் எட்டிப் பிடிக்கவும் தெரிந்த பதினான்கு மாதக் குழந்தைக்குத் தூளி ஆபத்து. எழுந்து நின்று குப்புற விழுவார்கள், சேலை கழுத்தில் முறுக்கிக்கொள்ளும். தூக்கத்துக்காக இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே அதை அவிழ்த்துவிட வேண்டும். தரையில் பாய் விரித்து அதன்மேல் மடித்த பருத்தி விரிப்பு, பக்கத்தில் உங்கள் படுக்கை. கட்டில் வாங்க வேண்டாம், தனியறை வேண்டாம். தூளி கட்டிய அந்தப் பழைய சேலையையே விரிப்பாகப் போடலாம், அவளுக்குப் பழகிய வாசனை அதில் இருக்கும்.

முதல் நான்கைந்து நாள் பாயில் படுக்க வைத்து, பக்கத்தில் படுத்து, முதுகில் தட்டிக்கொடுங்கள். தூக்கி ஆட்ட வேண்டாம். அழுதால் குரல் கொடுங்கள், தட்டுங்கள், ரொம்பவும் விம்மினால் தூக்கி அணைத்து அடங்கியதும், கண் மூடுவதற்கு முன்பே, மறுபடி கீழே விடுங்கள். அந்த ‘கண் மூடுவதற்கு முன்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுத்த நான்கைந்து நாள் தட்டுவதை நிறுத்திக் கையை மட்டும் அவள்மேல் வைத்திருங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா படுத்திருங்கள். பிறகு ஒரு கை தூரம் தள்ளிப் படுங்கள். நள்ளிரவில் எழுந்தாலும் அந்த வாரத்தில் படுக்கும்போது என்ன செய்தீர்களோ அதையே செய்யுங்கள். ஒரு மணிக்கு ஒரு முறையும் மூன்று மணிக்கு வேறு முறையும் என்றால் குழந்தை குழம்பிவிடும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அழுகை முன்னைவிடக் கூடும். பழைய வழி வருமா என்று அவள் பலமாகக் கேட்டுப் பார்க்கும் கட்டம் அது. பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் தூளி திரும்பக் கட்டப்படுகிறது. அடுத்த வீட்டுக்காரரிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், ‘பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க, தூளியை மறக்கடிக்கிறோம்’ என்று. கணவருக்கு விடுமுறை வரும் நாளுக்கு முந்தைய இரவில் தொடங்கினால் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம். பால் வாசனை இல்லாத அப்பாவிடம் சில குழந்தைகள் சீக்கிரமே அடங்கிவிடும்.

தனியாக அழவிடும் முறையைப் பற்றிக் கேட்டீர்கள். அது பல குழந்தைகளிடம் வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரே கூடம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், உங்களுக்கும் மனம் ஒப்பவில்லை. தேவையும் இல்லை. மேலே நான் சொன்ன, பக்கத்தில் இருந்தபடியே மெல்ல விலகும் முறையை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சோதித்திருக்கிறார்கள். இடைவெளி விட்டுவிட்டுப் போய்த் தேற்றுவது, பக்கத்திலிருந்து விலகுவது என்று இரு வழிகளைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்து, 326 குழந்தைகளை 6 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். கற்றுக்கொண்ட குடும்பங்களின் குழந்தைகளுக்கு மனநலத்திலோ பெற்றோரிடம் உள்ள பாசத்திலோ எந்தக் குறையும் வரவில்லை என்று 2012இல் அந்த ஆய்வு வெளியானது. ஆகவே ‘அழவிட்டால் ஏங்கிப் போயிடும்’ என்ற பயத்தையும் அத்தையும் நீங்களும் விட்டுவிடலாம். நீங்கள் பக்கத்திலேயேதான் இருக்கிறீர்கள்.

பாட்டில் பால் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பதரைக் கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வயதுப் பெண் குழந்தைக்கு அது சரியான எடை. அவளுக்கு இரவில் பசிக்காகப் பால் தேவையில்லை. ஐந்து தடவை நூறு மில்லி என்றால் இரவிலேயே அரை லிட்டர் ஆகிவிடுகிறது. ஒரு நாள் முழுதுக்கும் அதற்குமேல் பசும்பால் போகக் கூடாது என்று நான் சொல்லும் அளவே அதுதான். பகலில் அவள் சோற்றைத் தட்டிவிடுகிறாள் என்று நீங்கள் வருத்தப்படுவதற்கும் இதுதான் காரணம். சர்க்கரை போட்ட பால் வாயில் தங்கியபடியே தூங்கினால் முன்பற்கள் கறுத்துச் சொத்தையாகும். ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இருபது, முப்பது மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள், சர்க்கரையை இன்றே நிறுத்துங்கள். கடைசிப் பாலைப் பல் துடைப்பதற்கு முன் டம்ளரில் கொடுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் அம்மா என்றால் என் பதில் வேறாக இருக்கும். 2 வயது வரைக்கும் அதற்குமேலும் கொடுக்கலாம், இரவில் ஒருமுறை கொடுப்பது இருவருக்கும் சௌகரியமாக இருந்தால் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

பால் அதிகமாகி, சோறு குறைந்தால் இரும்புச்சத்து குறையும். அதுவே தூக்கத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. காலை உதைத்துக்கொண்டு, படுக்கையில் சுற்றிச் சுற்றி வரும் குழந்தைகளிடம் இதை அவசியம் பார்க்கிறேன். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அரசுத் திட்டத்தில் இந்த வயதுக் குழந்தைகளுக்கு இரும்பு, போலிக் அமிலச் சிரப் வாரம் இருமுறை 1 மில்லி இலவசமாகக் கொடுக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். வீட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை. அசைவம் உண்டென்றால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

ஜாதிக்காயை ஏன் மறுக்கிறேன் என்பதையும் அத்தைக்கு விளக்கமாகச் சொல்லிவிடுங்கள், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஜாதிக்காய் மயக்கம் தருவது உண்மைதான். ஆனால் எத்தனை உரை உரைத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அளவு மீறினால் படபடப்பும் பிதற்றலும் வரும். கசகசா அரைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். அபினி விளையும் அதே செடியின் விதை அது. அதில் ஒட்டியிருக்கும் சத்து குழந்தையின் மூச்சையே மந்தமாக்கிவிடும். சளி, ஒவ்வாமைக்கான சிரப்பைத் தூக்கத்துக்காகக் கொடுப்பதும் இதே வகைதான். மருந்தால் கண் சொருகுவது தூக்கம் ஆகாது, சில குழந்தைகளுக்கு நேரெதிராகக் கிளர்ச்சிகூட வரும்.

சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் சேலத்தில் எந்தக் குழந்தையும் நன்றாகத் தூங்காது. மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளியுங்கள். மின்விசிறி ஓடட்டும், காற்று முகத்தில் நேரே அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கழுத்தின் பின்புறம் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் உடுப்பைக் குறையுங்கள். கொசுவுக்குச் சுருள் வேண்டாம், வலை கட்டுங்கள்.

ஏற்காட்டுத் தங்கைக்கு நான் சொல்வது வேறு. நான்கு மாதக் குழந்தைக்கு இரவில் பால் வேண்டும், அதைக் குறைக்கவே கூடாது. இந்த வயதில் தூக்கத்தின் அமைப்பு மாறுவதால், அதுவரை நன்றாகத் தூங்கிய குழந்தையும் அடிக்கடி எழத் தொடங்கும், அது வளர்ச்சி. இப்போதைக்கு அவள் செய்யக்கூடியது, பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் மங்கிய விளக்கில் பேச்சில்லாமல் பால். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், தலையணையும் கனத்த கம்பளியும் ஆகாது. தூளியில் விட்டால் தாடை நெஞ்சில் ஒட்டி மூச்சு அடைபடாமல் பார்த்து, தூங்கியதும் எடுத்துத் தட்டையான படுக்கையில் விட வேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி, தைக் குளிரில் பயம் வருவது இயல்பு. 300 மீட்டர்கூட இல்லாத சேலத்திலிருந்து போன பெண்ணுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனாலும் தூங்கும் குழந்தைக்குக் குல்லா போட வேண்டாம். குழந்தை உடம்புச் சூட்டைத் தலை வழியாகத்தான் நிறைய வெளியேற்றுகிறது, சூடு ஏறுவது ஆபத்து. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பருத்தி உடுப்பு, மேலே ஒரு ஸ்வெட்டர், காலுறை போதும். கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும், குழந்தைக்கும் தாய்க்கும். சாம்பிராணிப் புகையும் மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில்கூட வைக்கக் கூடாது. தோட்ட வீடுகளில் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் மாலையில் ஒரு வாய் காப்பி கொடுப்பதைப் பார்க்கிறேன். காப்பியும் டீயும் தூக்கத்தையும் கெடுக்கும், இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது.

இத்தனையும் செய்து இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். சில விஷயங்களுக்கு அதுவரை காத்திருக்கவே கூடாது. பெரும்பாலான இரவுகளில் குறட்டை, வாயைத் திறந்தே தூங்குவது, இடையில் மூச்சு நின்று நின்று வருவது. இரவில் மட்டும் தொடர் இருமல். தூக்கத்தில் உடம்பு வெட்டி வெட்டி இழுப்பது. எடை ஏறாமல் இருப்பது. காதைப் பிடித்துக்கொண்டு காய்ச்சலோடு அழுவது. இரவில் ஆசனவாயில் அரிப்பு என்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். விரலிடுக்கில் பொரிப்பொரியாக வந்து வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால் சொறியாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து எளிது, வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பல் முளைப்பதால்தான் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்; ஒரு பல் வலிப்பது சில நாள்தான்.

உங்களைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். ‘சில ராத்திரி எனக்கே அழுகையா வருது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடத்துக்குமேல் தொடர்ந்து தூங்காத தாய்க்கு அது வரும். ஆனால் குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, விபரீத எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் குழந்தையின் தூக்கத்தைச் சரிசெய்யும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் உங்களுக்கு உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவில் காட்டலாம்.

எல்லாம் சரியாகி வரும்போது ஒரு காய்ச்சலோ, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்து தங்கும் உறவுக் கூட்டமோ, அம்மா வீட்டில் ஒரு வாரமோ அதைக் கலைத்துவிடும். காய்ச்சல் நாளில் மடியில் போட்டே தூங்க வையுங்கள், அப்போது எந்தக் கணக்கும் வேண்டாம். விருந்தாளிகள் கிளம்பிய அன்றைக்கே, காய்ச்சல் விட்ட மறுநாளே, மேல் கழுவுவதிலிருந்து பழைய வரிசையைத் தொடங்கிவிடுங்கள். இரண்டாம் முறை அவளுக்கு அத்தனை நாள் பிடிக்காது.